பேட்டரி வண்டிக்கு வைத்த பொட்டு

கல்யாணத்தில் நிலாவின் அப்பா போட்ட மாப்பிள்ளை மோதிரத்தை ஹேமந்த் கழற்றி டிவி பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். நான்கு வருஷமாகக் குளிக்கும்போதுகூடக் கழற்றாத மோதிரம் அது. மறந்துவிட்டான் போல என்று நிலா அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

“இனிமே வேலைக்குப் போட்டுக்கினு போவக் கூடாது. சுகப்பிரியா சொன்னாங்க.”

“அது யாரு?”

“நம்ம ஷெட்டுக்குப் புதுசா வந்துகீறாங்க. பேட்டரி சேஃப்டி சொல்லித் தர்றவங்க. மோதிரம், செயின், காப்பு, எதுவும் கூடாதாம். பேட்டரி மேல பட்டா விரலே போயிடுமாம்.”

அவன் போய்விட்டான். நிலா மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணூர்த் தெருவில் நின்றாள். விரல் போகும் என்று அவன் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. எவளோ ஒருத்தி சொன்னாள், இவன் கழற்றினான், அவ்வளவுதான் ஏறியது.

நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற லைனில்தான் அவளுக்கு வேலை. அங்கே வளையல் போடக் கூடாது, முடியைப் பின்னித் தொங்கவிடக் கூடாது, மோதிரம் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் தினமும் மெஷின் முன்னால் உட்காருகிறாள். ஆனால் அதையெல்லாம் சொன்ன சூப்பர்வைசர் தலை நரைத்த மனுஷர். அவருக்கு சுகப்பிரியா என்று பெயரும் இல்லை. நியாயம் பார்த்துக்கொண்டா வயிறு எரிகிறது?

ஹேமந்த் ஓட்டுவது ஒரு குட்டி யானை, பின்னால் கூண்டு வைத்த சின்ன லோடு வண்டி. வல்லம் வடகாலில் சண்முகசுந்தரம் என்பவர் ஒரு பேட்டரி ஷெட் வைத்திருக்கிறார். கரண்டில் ஓடுகிற ஷேர் ஆட்டோக்களுக்கு லித்தியம் பேட்டரி வாடகைக்குத் தருகிற தொழில். ஷெட்டில் சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளை ஹேமந்த் வண்டியில் அடுக்கிக்கொண்டு போய் ஒரகடம் கூட்ரோட்டிலும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டிலும் ஆட்டோக்காரர்களுக்கு மாற்றிக் கொடுப்பான். தீர்ந்துபோன பேட்டரிகளைத் திருப்பிக் கொண்டுவருவான். ஒவ்வொன்றும் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற கனம். மேலே இரண்டு பக்கமும் கட்டை விரல் தடிமனில் ஒவ்வொரு போல்ட்டு. அதில்தான் கரண்டு.

அதுவரை அவன் அவற்றை அரிசி மூட்டை மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனான். சுகப்பிரியா வந்த பிறகு எல்லாம் மாறிப்போனது. வண்டித் தளத்தில் ரப்பர் விரிப்பு வந்தது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் சிவப்பிலும் கறுப்பிலும் ரப்பர் தொப்பி வந்தது. ஒரு பேட்டரிக்கும் அடுத்த பேட்டரிக்கும் நடுவில் தீப்பிடிக்காத பலகைத் தடுப்பு வைக்க வேண்டும் என்றாள் அவள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஹேமந்த் தன் கையால் பலகை அறுத்து, திருகு போட்டு, பெல்ட் கட்ட வளையம் வைத்து, அறை அறையாகத் தடுத்து முடித்தான்.

நிலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல்கட்டில் மிக்ஸி வைக்க ஒரு பலகை அடித்துக் கொடு என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். ட்ரில் மெஷின் இல்லை என்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கிருந்தோ ட்ரில் மெஷின் வந்துவிட்டது.

“யோவ், வண்டி உள்ள இவ்ளோ ரூம் கட்டிக்கீற. அதுல ஒண்ணு எனக்குக் குடு, நான் அங்கயே இருந்துக்கறேன்.”

“ஒண்ணு சூடானா பக்கத்துல கீறது சூடாவக் கூடாது நிலா. அதுக்குத்தான் தடுப்பு. சுகப்பிரியா சொன்னாங்க.”

“எனக்குப் பக்கத்துல ஒரு தடுப்பு வெய். நானும் சூடாத்தான் கீறேன்.”

அவன் சிரித்துவிட்டுத் திருகைத் திருகினான். கோபக்காரப் புருஷனாக இருந்தால் ஒரு சண்டையிலாவது தீர்ந்திருக்கும். ஹேமந்த் நல்லவன், சாது, சொன்னால் கேட்டுக்கொள்கிறவன். அதுதான் நிலாவின் கஷ்டமே. சொன்னால் கேட்கிறவன் இத்தனை நாள் அவள் சொன்னதைக் கேட்டானா? ஈரத்துண்டைக் கட்டில் மேல் போடாதே என்பதைக் கேட்டானா? கதவைச் சாத்திவிட்டுத் தூங்கு என்பதைக் கேட்டானா?

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவான். முன்பெல்லாம் வண்டியை ரோட்டோரம் வெயிலில் விட்டுவிட்டு வருகிறவன், இப்போது புங்க மரத்தடியில் இருந்த நிலாவின் ஸ்கூட்டரை வெயிலுக்குத் தள்ளிவிட்டு அந்த நிழலில் வண்டியை நிறுத்தினான். இரவு ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்த நிலா சாயங்காலம் சீட்டில் உட்கார்ந்ததும் துள்ளி எழுந்தாள். பேட்டரிக்கு வெயில் ஆகாதாம். பொண்டாட்டிக்கு ஆகும் போல.

அதுகூடப் பரவாயில்லை. வண்டியின் பின்கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் முதலில் மூக்கை உள்ளே நீட்டி மோந்து பார்த்தான். பேட்டரி உள்ளுக்குள் கசிந்தால் ஒரு மாதிரி தித்திப்பு வாசனை வருமாம், பெயிண்ட் வாசனை மாதிரியும் இருக்குமாம். வந்தால் பக்கத்தில் போகக் கூடாதாம். இதைச் சொன்னது யார் என்று கேட்கவே வேண்டாம்.

“தலைல மல்லிப்பூ வெச்சிக்கினு வந்து நின்னப்பகூட நீ இப்டி மோந்ததில்லை.”

“ஐயோ நிலா, அது வேற, இது வேற.”

“வேறன்னுதான் நானும் சொல்றேன்.”

ஒரு நாள் நிலா தட்டில் சோறு போடும்போது ஹேமந்த் கேட்டான், “கீழ விழுந்த பேட்டரி, உப்பிப்போன பேட்டரி, இதெல்லாம் மத்ததோட சேத்து வண்டில ஏத்தக் கூடாதாம், தெரியுமா? தனியாத்தான் வெக்கணுமாம்.”

“அவ எங்க கீறா? தனியாத்தானா?”

“ஒரகடம் லேடீஸ் ஹாஸ்டல்ல. சங்கரன்கோயில் பக்கத்து ஊரு. கல்யாணம் ஆவல.”

ஹேமந்துக்கு எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று ஒரு மண்ணும் தெரியாது. ஊர், ஹாஸ்டல், கல்யாணம் ஆகாதது, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மோர் கேட்டான். நிலா மோர்ச் சட்டியை ணங் என்று வைத்தாள். அவளுக்கு அந்தப் பெண் மீது சந்தேகம் இல்லை, அதை அவளே கங்காவிடம் சொல்லியிருக்கிறாள். கங்கா அவள் லைனில் பக்கத்து மெஷின். “தப்பா ஒண்ணும் இல்லடி. ‘அண்ணே’ன்னுதான் கூப்புடறாளாம்,” என்றாள் நிலா. “அப்புறம் இன்னா உனக்கு?” என்று கங்கா கேட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது. தொடுவது, சிரிப்பது எல்லாம் அவளுக்குப் பயமில்லை. அவன் மனசில் எது பெரிசு, எது சின்னது என்று இன்னொருத்தி முடிவு செய்கிறாள். அந்த இடம் தன் இடம். அது போனால் வீட்டில் சோறு வடிக்கிற இடம் மட்டும்தான் மிச்சம் என்று நிலாவுக்குத் தோன்றியது. அந்த இடத்தை விட்டுத்தரக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஆயுத பூஜை வந்தது. குடும்பத்தோடு ஷெட்டுக்கு வரச்சொல்லிச் சண்முகசுந்தரம் எல்லா டிரைவர்களுக்கும் சொல்லியிருந்தார். நிலா லீவு போட்டாள். மாம்பழக் கலர் பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் கரைத்து, பூக்கூடையில் குங்குமமும் பொரி கடலையும் வைத்து எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது ஹேமந்தின் விரலைப் பிடித்து மோதிரத்தை மாட்டினாள்.

“பூசை அன்னிக்குக்கூட மொட்டை விரலா? போட்டுக்க.”

வண்டியைப் பூசைக்காக முந்தின நாளே ஷெட்டில் விட்டிருந்தான். அவனுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகும்போது நிலாவுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. வழியெல்லாம் கம்பெனி வாசல்களில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள், பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். வண்டிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அவள் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். முதலில் முன்கண்ணாடிக்குக் கீழே மூன்று பட்டை, நடுவில் குங்குமம், பிறகு ஹெட்லைட் இரண்டுக்கும். அது அவள் புருஷன் ஓட்டுகிற வண்டி. அவள் கையால்தான் வைக்க வேண்டும்.

ஷெட்டில் இறங்கியதும் பார்த்தாள். வண்டிக்கு ஏற்கெனவே பொட்டு வைத்தாகிவிட்டது. முன்கண்ணாடிக்குக் கீழே மூன்று பட்டை, அளந்து போட்டது மாதிரி. ஹெட்லைட் இரண்டுக்கும் சின்னதாக, அழகாக. சாமந்தி மாலைகூடப் போட்டிருந்தது.

“யார் வெச்சது இது?”

“சுகப்பிரியாதான். காலைலயே வந்து எல்லா வண்டிக்கும் வெச்சிட்டாங்களாம். நேரமாயிடும்னு.”

எல்லா வண்டிக்கும்தான். நிலா எட்டிப் பார்த்தாள், உண்மைதான், வரிசையாக எல்லா வண்டிக்கும் அதே மூன்று பட்டை. அதனால் எரிச்சல் குறைந்ததா என்றால் இல்லை. கிண்ணத்தில் கரைத்த சந்தனத்தோடு கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்தபிறகு வந்தவள் மாதிரி நின்றாள்.

“வாங்க மதினி!”

அவள்தான். நிலா அவளை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். பார்த்ததும் குறை சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். மாநிறம், பெரிய நெற்றி, சிரித்தால் கன்னத்தில் குழி. அரக்குப் பட்டுச் சேலை, அதற்குக் கீழே சேஃப்டி ஷூ. வேறு யார் கட்டியிருந்தாலும் கேலிக்கூத்தாக இருந்திருக்கும், இவளுக்கு அதுவும் பொருந்தியது. இது என்ன அநியாயம் என்று நிலா நினைத்தாள். மதினியாம். அண்ணன் பொண்டாட்டியாம்.

“ஒங்களப் பத்தி அண்ணன் நெறையச் சொல்லியிருக்காவ,” என்றாள் சுகப்பிரியா.

நிலா பதில் சொல்வதற்குள் பக்கத்தில் ஹேமந்தின் கை அசைவதைப் பார்த்தாள். சுகப்பிரியா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைப் பார்த்ததுமே அவன் தானாக மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பள்ளிக்கூடத்துப் பையன் டீச்சரைப் பார்த்து வாயில் இருந்த மிட்டாயைத் துப்புவது மாதிரி. நிலாவுக்கு முகம் சிவந்து காது வரை எரிந்தது.

பூஜைக்கு முன்னால் சுகப்பிரியா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். “ஆட்டோக்காரங்க எல்லாம் பூசைக்கு வண்டி எடுக்கணும்னு காத்துக் கெடக்காவ. அதனால பேட்டரி எல்லாம் ஏத்தியாச்சு. பூசைய முன்பக்கத்தோட வச்சுக்கிடுங்க. சூடம் ஏத்துறது அங்க தள்ளி, செவுத்தோரம். வண்டிக்குப் பின்னால யாரும் போக வேண்டாம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நிலாவும் கேட்டாள். கேட்டு என்ன? முன்பக்கம் முழுவதும் சுகப்பிரியாவின் கை பட்டாயிற்று. நிலாவுக்கு மிச்சம் இருப்பது பின்பக்கம் ஒன்றுதான். அதற்கும் போகக் கூடாது என்கிறாள். நெருப்பு கூடாது, அவ்வளவுதானே. நான் சூடம் கொளுத்தப் போவதில்லையே என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எல்லோரும் பூசணிக்காயைச் சுற்றி நின்றபோது அவள் மெல்லப் பின்னால் போய்க் கதவைத் திறந்து ஏறினாள்.

உள்ளே பேட்டரிகள் அறை அறையாக உட்கார்ந்திருந்தன, பெல்ட்டால் கட்டி, தலையில் தொப்பி போட்டு. அவள் புருஷன் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து செய்த வேலை. இதற்கு யாரும் ஒரு பொட்டு வைக்கவில்லை. முன்பக்கத்துத் தகரத்துக்குத்தான் மாலை மரியாதை எல்லாம். சம்பாதித்துப் போடுவது இது அல்லவா? அவளுக்குக் கோபத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது.

முதல் பேட்டரியின் சிவப்புத் தொப்பியைப் பிடுங்கினாள். கறுப்புத் தொப்பியையும் பிடுங்கினாள். முகத்தை மூடிக்கொண்டிருந்தால் பொட்டு எங்கே வைப்பது? இரண்டு போல்ட்டுக்கும் கொஞ்சம் தள்ளி ஒவ்வொரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். பார்க்க இரண்டு கண் மாதிரி இருந்தது. தடுப்பின் மேல் பேப்பர் விரித்து, பொரி கடலை, பூ எல்லாம் வைத்தாள்.

அவள் அப்பா ஸ்ரீபெரும்புதூரில் லேத் பட்டறையில் வேலை செய்தவர். அவர்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் ஸ்பானர், சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மெஷின் மேலேயே படுக்க வைப்பார்கள். தரையில் வைத்தால் ஆயுதத்துக்கு மரியாதை இல்லை. கருவி இல்லாத மெஷினுக்குப் பூஜையும் இல்லை. நிலா டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து வந்திருந்த டூல் பையைத் திறந்தாள். திருப்புளியை ஓரமாக வைத்தாள். பெரிய ஸ்பானரைத் தன் பட்டு முந்தானையால் பளபளவென்று துடைத்தாள். ஒரு போல்ட்டிலிருந்து இன்னொரு போல்ட்டு வரைக்கும் அழகாக வருகிற மாதிரி அதைப் பேட்டரியின் மேல் குறுக்கே படுக்க வைத்தாள்.

படார் என்று சத்தம் கேட்டது. வெல்டிங் வைக்கிற மாதிரி ஒரு நீல வெளிச்சம். கையை யாரோ அறைந்து தள்ளியது போல இருந்தது. அவள் பின்னால் விழுந்தாள். ஸ்பானர் போல்ட்டுகளோடு ஒட்டிக்கொண்டு சிவக்க ஆரம்பித்தது. பொறி விழுந்து பேப்பர் பற்றியது, பூக்கூடை பற்றியது. பேட்டரியிலிருந்து உஸ்ஸென்ற சத்தத்தோடு வெள்ளையாகப் புகை வந்தது.

அடுத்த நொடி ஹேமந்தின் இரண்டு கைகள் அவள் இடுப்பைப் பிடித்தன. அப்படியே தூக்கி, கதவுக்கு வெளியே இழுத்து, ஏழெட்டுப் பேரைத் தாண்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டான். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்த நேரம் முழுவதும் அவள் காதுக்குப் பக்கத்தில் அவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

“சுகப்பிரியா! சுகப்பிரியா!”

எல்லோரும் வண்டியை விட்டு ஓடினார்கள். சுகப்பிரியா ஒருத்தி வண்டியைப் பார்த்து ஓடிவந்தாள். சுவரில் சாத்தியிருந்த மூங்கில் கழியை எடுத்து ஒரே தட்டில் ஸ்பானரைப் பெயர்த்துத் தள்ளினாள். ஹேமந்த் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு பெல்ட்டை அவிழ்த்தான், பேட்டரியை இழுத்தான். ஷெட்டுக்குப் பக்கத்தில் இதற்கென்றே வெட்டி வைத்திருந்த மண் குழிக்குள் அதைத் தள்ளினார்கள். வண்டி கழுவுகிற ஹோஸ் பைப்பைப் பிடித்து அவள் தண்ணீரைப் பீய்ச்சினாள், நிறுத்தாமல், அரை மணிக்கு மேல். பலகைத் தடுப்பு கருகியதே தவிர, அடுத்த பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவை எல்லாம் தொப்பியோடு பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

உள்ளங்கை எரிய எரிய நிலா சுவரோரம் உட்கார்ந்து அதைத்தான் பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவன் பெல்ட்டை அவிழ்ப்பதற்குள் அவள் கழியோடு தயாராக இருந்தாள். அவள் திரும்புவதற்குள் அவன் வழி விட்டான். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் ஒரு கட்டிலை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தக்கூட அவனும் நிலாவும் சத்தம் போட்டுக்கொள்ளாமல் இருந்ததில்லை. உயிர் பிழைத்த நேரத்தில் நினைக்கிற நினைப்பா இது? அவள் அதைத்தான் நினைத்தாள்.

சண்முகசுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “எவன்யா பின்னாடி ஏறினது?”

“நான்தான் சார்,” என்றான் ஹேமந்த்.

“இல்ல சார்,” என்றாள் சுகப்பிரியா, தண்ணீர் சொட்டச் சொட்ட. “மதினிதான் ஏறுனாவ. ஆனா எம்மேலதான் சார் தப்பு. போகாதீயன்னு சொன்னேனே தவிர, எதுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லல. சொல்லியிருந்தா அவுக போயிருக்க மாட்டாவ.”

நிலாவுக்குத் தாங்கவில்லை. பொட்டை அவள் எடுத்துக்கொண்டாள். மோதிரத்தை அவள் கழற்ற வைத்தாள். இப்போது தப்பைக்கூட அவளே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். நிலா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“என் தப்பு. நான்தான் ஏறினேன், நான்தான் தொப்பியக் கழட்டினேன், நான்தான் ஸ்பானரை வெச்சேன். என் தப்பை எவளும் எடுத்துக்க வேணாம்!”

சண்முகசுந்தரம் அவளைப் பார்த்தார், ஹேமந்தைப் பார்த்தார். சண்டைக்காரர்களைப் பார்த்திருக்கிறார், தப்புக்கு அடித்துக்கொள்கிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். “மொதல்ல கையில மருந்து போடுங்கம்மா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஹேமந்த் அவள் கையைப் பிடித்து மருந்து தடவினான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரைக் கூப்புட்ட?”

“எப்போ?”

“என்னைத் தூக்கிக்கினு ஓடறப்போ.”

“நானா? நான் யாரையும் கூப்புடலையே. எனக்கு ஒண்ணும் ஞாபகமே இல்ல நிலா. உன்னைத் தூக்கினது ஒண்ணுதான் தெரியும்.”

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். ஞாபகமே இல்லாமல், யோசிக்காமல், அடிவயிற்றிலிருந்து வந்த பெயர் அது. யோசித்துக் கூப்பிட்டிருந்தால்கூட மன்னித்திருப்பாள்.

“தூக்கின கை உன்னுது, ஒத்துக்கறேன். வாய் யாருது?”

அவனுக்குப் புரியவில்லை. பாவம், நிஜமாகவே புரியவில்லை. நிலா அன்று முழுக்க அழுதாள். கை எரிச்சல் என்று அவன் நினைத்துக்கொண்டு மாத்திரை வாங்கி வந்தான்.

சனிக்கிழமை ஷெட்டில் டிரைவர்களுக்கு வகுப்பு. நிலா கட்டுப் போட்ட கையோடு பஸ் பிடித்து, ஹேமந்திடம் சொல்லாமல், எல்லோருக்கும் முன்னால் போய் இறங்கினாள். சுகப்பிரியா தனியாக நாற்காலிகளை வரிசையில் போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தாள், கன்னத்துக் குழி தெரியவில்லை.

“மதினி? கை எப்பிடி இருக்கு?”

“கை கெடக்குது. எனக்கும் கத்துக் குடு.”

“எதுக்கு மதினி? நீங்க வண்டி ஓட்டப் போறீயளா?”

நிலா எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள், நயமாகச் சொல்ல வேண்டும் என்று. வாய்க்கு வந்தது வேறு.

“அடுத்த வாட்டி பொகை வந்தா அந்தாளு வாயில என் பேரு வரணும். அதுக்கு இன்னா இன்னா தெரிஞ்சிருக்கணுமோ அவ்ளோத்தையும் சொல்லு. ராத்திரி பகலா படிக்கிறேன்.”

சுகப்பிரியா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். சிரிப்பாள் என்று நிலா எதிர்பார்த்தாள். சிரித்திருந்தால் நல்ல சண்டை ஒன்று போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

“இதுக்கா அழுதீய? கை எரிச்சல்னுல்லா அண்ணன் சொன்னாவ,” என்றாள் சுகப்பிரியா. குரலில் கோபம் இருந்தது. “அண்ணன் ஒங்களத் தீக்குள்ள இருந்து வெளிய இழுத்துட்டுப் போனாவ. என்னையத் தீக்குள்ள வான்னு கூப்புட்டாவ. ரெண்டுல ஒங்களுக்கு எது வேணும்?”

நிலா தன் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள்.

“அன்னைக்கு ஹாஸ்டலுக்குப் போயி நானுந்தான் மதினி அழுதேன். அம்புட்டுப் பேரு நின்னாங்க அங்க. ஒருத்தரும் என்னையப் பாத்து ‘போகாத பிள்ள’ன்னு சொல்லல. ஒங்களத்தான் தூக்கிட்டு ஓடுனாவ. எனக்கு எம்புட்டு வயித்தெரிச்சலா இருந்துச்சு தெரியுமா?”

ஷெட்டுக்கு வெளியே ஆட்டோ ஒன்று வந்து நின்றது, பேட்டரி கேட்டு ஹாரன் அடித்தது. சுகப்பிரியா முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். நிலா அவளையே பார்த்தாள். இத்தனை நாளும் தன் வயிறு மட்டும்தான் எரிகிறது என்று நினைத்திருந்தாள். இவளிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது, அதுவும் இவள் ஆசைப்படுகிற ஒன்று. அது அவளுக்கு இனித்தது. இனித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. கட்டுப் போட்ட கையால் ஒரு நாற்காலியை இழுத்து, முதல் வரிசையில் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி, சொல்லித் தா. நீ உள்ள ஓடறப்போ போவாதன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும் இல்ல.”

“சரி மதினி.”

“இன்னொண்ணு.” நிலா குரலைத் தாழ்த்தினாள். “அந்தாளு உன்னைக் கூப்புடறதுன்னா கூப்புட்டுக்கட்டும். ஆனா பேரு வேணாம். மேடம்னு கூப்புடச் சொல்லு.”